மூன்று ஆண்டு மாகாணமும் நான் வைத்த கையொப்பமும்

ரொறன்ரோவின் அருங்காட்சியகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் இப்போது எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வேலை செய்கிறீர்கள். நான் சேர்ந்தபோது நான் ஒருத்திதான். போன மாதம் உங்களில் ஒருத்தி என்னைக் கூப்பிட்டு, "அன்ரி, நீங்கள் ரிட்டயர் பண்ணிப்போட்டுச் சும்மாதானே இருக்கிறியள், ஏதாவது எழுதித் தாங்கோ. தமிழிலயே எழுதுங்கோ, நாங்கள் மனேஜ் பண்ணுவம்" என்றாள். நான் சும்மா இருக்கிறேன் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன்.

கையுறை போடுவது, பெட்டி திறப்பது, ஈரப்பதம் பார்ப்பது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அங்கே சொல்லித் தராதது ஒன்று உண்டு. நீங்கள் கையொப்பமிட்ட ஒரு தாள் பிழை என்று ஒரு நாள் தெரியவரும். அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேறு எவருக்கும் தெரியாமலே போகும். எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது.

நான் வேலை செய்தது பதிவுப் பகுதியில். ஒரு பொருள் உள்ளே வரும்போது அது எந்த நிலையில் வந்தது என்று பார்த்து, எழுதி, கையொப்பமிடுவது என் வேலை. அந்தத் தாளை நம்பித்தான் மற்ற எல்லாரும் மேலே காரியம் பார்ப்பார்கள்.

சேர்ந்த முதல் வருடம் ஒரு மண்சாடி வந்தது. அதன் கழுத்தில் ஒரு விரிசல் இருந்தது. "கொண்டுவரும்போது உடைந்தது" என்று எழுதிவிட்டேன். வண்டியில் கொண்டுவந்த மனிதருக்கு வேலை போகும் நிலை வந்துவிட்டது. பிறகு பார்த்தால் விரிசலுக்குள் பழைய பசை இருந்தது. யாரோ எத்தனையோ வருடங்களுக்கு முன்பு ஒட்டிய சாடி அது. எங்கள் பகுதித் தலைவி என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "நீ கண்டது விரிசலை. உடைந்ததை நீ காணவில்லை" என்றார். பிறகு மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "வா, போவோம்" என்றார். எங்கே என்று கேட்டேன். "அந்த மனிதரிடம். கடிதத்தில் மன்னிப்புக் கேட்பது எங்களுக்குத்தான் வசதி, அவருக்கு இல்லை" என்றார். அந்த வண்டிக்காரரின் வீட்டு வாசலில் நான் நின்று பேசிய நான்கு வசனங்கள் இன்றும் எனக்குப் பாடம். அந்தத் தலைவி சில வருடங்களில் வேறு நகரத்துக்குப் போய்விட்டார்.

இனி நான் சொல்ல வந்த கதை.

எங்கள் அருங்காட்சியகத்தில் சின்ன அறை ஒன்றில் ஒரு சின்னக் கண்காட்சி வைக்கத் தீர்மானித்தார்கள். பொருள் என்னவென்றால், உரோமப் பேரரசு ஆர்மேனியாவைப் பிடித்துத் தன் மாகாணமாக வைத்திருந்த மூன்று ஆண்டுகள். வேலைக்கு வந்த புதிதில் இதைக் கேட்டிருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆயிரம் வருடப் பேரரசில் மூன்று வருடத்துக்கு ஓர் அறையா? ஆனால் தாள்களை வாசிக்க வாசிக்க அவற்றைக் கீழே வைக்க முடியவில்லை. கிறிஸ்துவுக்குப் பின் நூற்றுப் பதினான்காம் ஆண்டில் திராஜன் என்ற பேரரசன் படையோடு கிழக்கே போகிறான். ஆர்மேனியா மாகாணமாகிறது. ஆளுநர் வருகிறார். வரி பார்க்க அதிகாரி வருகிறார். பழைய தலைநகரத்தில் படைவீரர்கள் பேரரசனின் பட்டங்களை எல்லாம் வரிசையாகக் கல்லில் வெட்டுகிறார்கள். நூற்றுப் பதினேழில் பேரரசன் திரும்பும் வழியில் நோயில் இறந்துபோகிறான். அடுத்து வந்தவன் அந்த மாகாணம் வேண்டாம் என்று விட்டுவிடுகிறான். அவ்வளவுதான். அந்தக் கல்லின் துண்டு இன்றும் இருக்கிறது. வெட்டியவனின் உளி ஆறுவதற்குள் மாகாணம் முடிந்துபோயிருக்கும் போல எனக்குத் தோன்றியது.

மூன்று வருடம் மட்டும் இருந்த ஒன்று அதிகம் எதை விட்டுப்போகும்? காட்டுவதற்குப் பொருள் கிடைக்காமல் எங்கள் பகுதி திண்டாடியது. கடைசியில் கண்காட்சி முழுவதும் ஒரு நாணயத்தின் மேல் வந்து நின்றது. இரண்டு டொலர் நாணயக் குற்றியை விடச் சற்றுப் பெரிய பித்தளைக் காசு. ஒரு பக்கத்தில் பேரரசனின் முகம். மறுபக்கத்தில் அவன் ஈட்டியோடு நிற்கிறான். அவன் காலடியில் மூன்று உருவங்கள். இரண்டு பேர் சாய்ந்து கிடக்கும் தாடிக் கிழவர்கள், அவர்கள் யூப்ரதீசு, தைகிரிசு என்ற இரண்டு நதிகள். மூன்றாவது ஒரு பெண். அவள்தான் ஆர்மேனியா. சுற்றிவர இலத்தீனில் எழுதியிருந்தது: ஆர்மேனியாவும் மெசப்பொத்தேமியாவும் உரோம மக்களின் அதிகாரத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன.

அந்தக் காசை இரவல் தந்தவர் எங்கள் ஆள். பெயர் சிவநேசன். ஸ்காபரோவில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கடைசி நிறுத்தத்தில் பேருந்து திரும்பும் வரை கிடைக்கும் பத்து நிமிடத்தில் உரோம வரலாறு வாசித்து வாசித்தே அறிஞராகிவிட்ட மனிதர். நாணயம் சேர்ப்பவர்கள் கூடும் இடங்களுக்குப் போவார். அங்கே அவரை யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒருமுறை அவரை வாகனத் தரிப்பிடம் பார்ப்பவர் என்று நினைத்து ஒருவர் சாவியை நீட்டினாராம்.

காசு வந்த நாளில் அவரும் மனைவி மங்கையும் கோயிலுக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு வந்தார்கள். எங்கள் இயக்குநர் வந்து கைகொடுத்தார். படம் எடுத்தார்கள். நான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, சிவநேசன் அண்ணை என் தோளுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்:

"தங்கச்சி, எழுத்தைப் பாரும். ஒரு எழுத்துக்கூட அழியேல்லை. உலகத்தில உப்பிடி ஒண்டிரண்டுதான் இருக்கும்."

"ஓம் அண்ணை, நல்ல வடிவா இருக்கு" என்றேன்.

"எழுத்துகள் மிகத் தெளிவு. நிலை நன்று" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். நான் பார்த்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது. எல்லாரும் என் பேனையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தைக் காத்திருக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் பிழை அதுதான், வேறு எதுவும் இல்லை.

திறப்புவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அச்சகத்திலிருந்து சுவர்ப்படம் வந்தது. காசின் மறுபக்கம் ஓர் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டிருந்தது. அதைச் சுவரில் ஒட்டுவதற்குக் காட்சிப் பெட்டிகள் செய்யும் தச்சர் வந்தார். அவர் பெயர் ஹாகொப். பெய்ரூட்டிலிருந்து வந்த ஆர்மேனியர். அதிகம் பேசாதவர். அன்று படத்தின் முன்னால் தலையைச் சாய்த்து நின்றுகொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்:

"இந்த எழுத்தை வெட்டியவனிடம் நல்ல உளி இருந்திருக்கிறது."

"வெட்டவில்லை, ஹாகொப். நாணயம் அச்சில் வைத்து அடிப்பது. முகமும் எழுத்தும் ஒரே அடியில் வரும்."

"அப்படியா?" என்று படத்துக்குக் கிட்டப் போனார். "அவன் முகம் தேய்ந்து மூக்கே இல்லை. முழங்கால் தேய்ந்திருக்கிறது. எழுத்து மட்டும் நேற்றுச் செய்தது மாதிரி இருக்கிறது. ஒரே அடியில் வந்ததென்றால் ஒன்றாகத் தேய வேண்டாமா?"

அவர் ஒன்றும் குற்றமாகச் சொல்லவில்லை. தொழில் தெரிந்த ஒருவரின் சாதாரணக் கேள்வி அது. அவர் ஏணியை எடுக்கப் போய்விட்டார். "மிகத் தெளிவு" என்று எழுதியது என் கை. அந்தத் தெளிவைக் கண்டவுடனேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பெட்டகத்திலிருந்து காசை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தேன். முழு உருப்பெருக்கத்தில் பார்க்க ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. எழுத்துகளைச் சுற்றி மெல்லிய உளியின் தடம் ஓடியது. தேய்ந்துபோன எழுத்தை யாரோ பின்னாளில் சுற்றிவரச் செதுக்கி எடுத்து, புதிதாகத் தெரியாமல் இருக்க மேலே பச்சை மெழுகு பூசியிருந்தார்கள். காசு பழையது. உருவங்களில் யாரும் கைவைக்கவில்லை. ஆனால் சுற்றிவர இருந்த அந்தப் பெருமைப் பேச்சு மட்டும் பின்னால் வந்த ஒருவனின் வேலை.

இயக்குநரிடம் போனேன். அவர் கெட்டவர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழைப்பிதழ் போய்விட்டது, சுவர்ப்படம் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், பத்திரிகையில் செய்தி வரப்போகிறது. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்:

"காசு பொய்யா?"

"இல்லை. எழுத்து மட்டும் திருத்தியது."

"வேறு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. தச்சருக்குக் கொஞ்சம்."

"திறப்புவிழா முடியட்டும். அதற்குப் பிறகு நீ உன் தாளைத் திருத்து. அப்போது உரிமையாளருக்கு எங்கள் சட்டத்தரணி மூலம் கடிதம் எழுதலாம். அது வரைக்கும் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்றார்.

பிள்ளைகளே, அது அநியாயமான யோசனை அல்ல என்பதைக் கவனியுங்கள். அநியாயமாக இருந்திருந்தால் மறுப்பது சுலபம். அவர் சொன்னபடி நடந்திருந்தால் பொய் ஒரு கிழமைதான் உயிரோடு இருந்திருக்கும். ஆனால் அந்த ஒரு கிழமையில் சிவநேசன் அண்ணை இருநூறு பேருக்கு முன்னால் நின்று, ஒரு எழுத்துக்கூட அழியவில்லை என்று சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு ஒரு கடிதம் அவர் வீட்டுக்குப் போயிருக்கும். நாங்கள் முதலே அறிந்திருந்தோம் என்பதும் ஒருநாள் அவருக்குத் தெரியவந்திருக்கும். அவரைச் சாவி வாங்குகிறவர் என்று நினைத்த மனிதரும் அந்த இருநூறு பேரில் ஒருவராக இருந்திருப்பார்.

"எனக்கு நாளைக்கு மத்தியானம் வரை தாருங்கள்" என்றேன்.

"எதற்கு?"

"யோசிக்க."

அது முழு உண்மை அல்ல. நான் ஏற்கெனவே யோசித்துவிட்டிருந்தேன். வழக்கமாகப் பிக்கரிங்குக்கு ரெயின் எடுத்து வீட்டுக்குப் போகிறவள், அன்று மாலை வெயில் இறங்கமுன்னமே ஸ்காபரோவில் மோர்னிங்சைட்டில் இருக்கும் சிவநேசன் அண்ணை வீட்டுக்குப் பஸ் ஏறினேன். இரவல் தந்தவரின் வீட்டுக்கு அனுமதி இல்லாமல் போகக்கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதி நல்ல விதி. நான் மீறினேன். மீறியதற்கு என்ன நடந்தது என்பதையும் பின்னால் எழுதுகிறேன்.

மங்கை அக்கா கதவைத் திறந்தார். "என்ன பிள்ளை, ஒரு போன்கோல்கூட எடுக்காமல்? இரும், தேத்தண்ணி போடுறன்" என்றார். அண்ணை என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, திறப்புவிழாவில் பேசுவதற்கு எழுதிவைத்திருந்த தாளை எடுத்துவந்தார். நான் வாயைத் திறக்கமுன் வாசிக்கத் தொடங்கிவிட்டார். பிறகு தாளை மடியில் வைத்துவிட்டுக் கதையாகவே சொன்னார். நான் அதை நூலில் வாசித்திருந்தேன். ஆனால் அவர் சொன்னபோதுதான் அது எனக்கு நடந்தது.

"ஆர்மேனியாவில ஒரு அரசன் இருந்தவன், தங்கச்சி. பார்த்தமசிரிஸ். திராஜன் பெரும் படையோட வாறான் எண்டு கேள்விப்பட்டு, சண்டை பிடிக்காமல் தானே முகாமுக்குப் போறான். தலையில இருந்த முடியைக் கழட்டித் திராஜன்ர காலடியில வைக்கிறான். ஏன் எண்டு நினைக்கிறீர்? முந்தி நீரோவின்ர காலத்தில இன்னொரு அரசன் உப்பிடித்தான் செய்தவன். அவனுக்கு முடியைத் திருப்பிக் குடுத்தவை. இவனும் தனக்குத் தருவினம் எண்டு நினைச்சுக் கொண்டு நிக்கிறான். சுத்திவரப் படை முழுக்க ஆரவாரம் செய்யுது. முடி நிலத்தில கிடக்குது. திராஜன் குனிஞ்சு எடுக்கேல்லை."

மங்கை அக்கா தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் தந்துவிட்டுத் தானும் கேட்க இருந்தார்.

"'ஆர்மேனியா இனி ஒருதருக்கும் இல்லை. அது உரோமருக்கு. உரோம ஆளுநர்தான் ஆளுவார்' எண்டு சொல்லிப்போட்டான். அரசனைப் போக விட்டவை. போற வழியில அவன் செத்துப்போனான், கொலை செய்துபோட்டினம். அண்டைக்கு அந்த நாடு மாகாணமாச்சு. மூண்டு வருசம். திராஜன் செத்தான். அதோட அதுவும் முடிஞ்சுது. நான் பஸ்ஸுக்குள்ள இருந்து முதல்முதலா இதை வாசிச்ச அண்டைக்கு, எனக்கு ரைம் போனதே தெரியேல்லை. சனம் கதவைத் தட்டிச்சுது."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அண்ணை, நான் ஒரு பிழை விட்டிட்டன்."

"என்ன பிழை?"

"அண்டைக்குக் காசைச் சரியாப் பாக்காமல் சைன் வைச்சிட்டன். இண்டைக்குத் திருப்பிப் பாத்தனான். காசு உண்மையானதுதான். ஆனா எழுத்தை ஆரோ பிறகு வெட்டித் திருத்தியிருக்கினம்."

அண்ணை மடியில் கிடந்த தாளை எடுத்து நான்காக மடித்தார்.

"என்ர காசு கள்ளக்காசு எண்டு சொல்லுறீரோ?"

"இல்லை அண்ணை. அப்பிடிச் சொல்லேல்லை."

"உங்கட மியூசியத்தில வேறை ஆரும் இதைப் பாத்தவையோ, நீர் மட்டுமோ?"

"இப்போதைக்கு நான்தான்."

"அண்டைக்கு வடிவா இருக்கு எண்டு சொன்ன நீர்தான் இண்டைக்குப் பிழை எண்டு சொல்லுறீர். எந்த உம்மை நான் நம்பிறது?"

"என்னை நம்ப வேண்டாம் அண்ணை. நாளைக்குக் காலமை வந்து உங்கட கண்ணால பாருங்கோ. பாத்தபிறகு கொண்டுபோறதெண்டால் கொண்டுபோங்கோ" என்றேன்.

"பாக்கிறதுக்கு ஒண்டுமில்லை. நான் கொண்டுபோகத்தான் வாறன்" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். மங்கை அக்கா வாசல்வரை வந்தார். "அவர் உந்தக் காசை வாங்கின அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் எடுத்துப் பாக்கிறவர், பிள்ளை" என்று மட்டும் சொன்னார். பஸ் தரிப்பில் நின்று அழுதேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்பது.

மறுநாள் காலை அருங்காட்சியகக் கதவு திறந்தபோது அவர் கையில் துணிப்பையோடு நின்றார். மேலே கூட்டிப்போனேன். காசைத் திருப்பிக் கொடுக்கும் தாளை எடுத்து வைத்தேன். அதற்குப் பக்கத்தில் நுணுக்குக்காட்டியின் விளக்கையும் போட்டுவிட்டேன். பேசாமல் தள்ளி நின்றேன். நீங்களும் அப்படியொரு நேரத்தில் பேசாமல் நிற்கப் பழகுங்கள். எனக்கு விளக்கம் சொல்ல நாக்குத் துடித்தது.

அவர் தாளைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்தார்.

உளித் தடத்தை அவர் கண்டுவிட்டார் என்பது தோள் இறங்கியதில் தெரிந்தது. ஆனால் நிமிரவில்லை. காசை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனார். ஒவ்வொரு எழுத்தாக. அரை மணித்தியாலம் இருக்கும். எனக்குப் பயம் பிடித்தது, மனிதருக்கு ஏதும் செய்கிறதோ என்று.

"தங்கச்சி" என்றார். குரல் மாறியிருந்தது. "இஞ்சை வாரும். கடைசி எழுத்துக்குப் பக்கத்தில, கொஞ்சம் இடப்பக்கமாப் பாரும். மெல்லிசா மூண்டு கோடு தெரியுதோ?"

பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"வெளிச்சத்தைச் சரிச்சுப் பிடியும்."

விளக்கைச் சரித்தேன். அப்போது தெரிந்தது. வெட்டிய எழுத்துக்குப் பக்கத்தில், கண்ணாடியில் ஊதிய மூச்சைப்போல, அதே 'E' எழுத்து இன்னொருமுறை இருந்தது. திருத்தியவன் ஒரு மயிரிழை தள்ளி வெட்டிவிட்டான். பழைய எழுத்து அதனால் தப்பிவிட்டது. அதற்கு முன்னாலும் ஓர் எழுத்தின் அரைவாசி. நான் எத்தனையோ வருடம் இந்த வேலை செய்தவள், முந்தின நாள் முழு உருப்பெருக்கத்தில் பார்த்தவள். எனக்கு அது தெரியவில்லை. நான் பிழையைத் தேடினேன், பிழையைக் கண்டதும் நிறுத்திவிட்டேன். அவர் தன் காசைத் தேடினார்.

"உது உரோமர் அடிச்ச எழுத்து" என்றார். "மாகாணம் உயிரோட இருக்கேக்கை அடிச்சது. அண்டைக்கு உரோமில சம்மட்டியைத் தூக்கினவனுக்கு, உது முடியப்போகுது எண்டு தெரியாது."

அந்த மூன்று கோடுகளைச் செய்த கை, ஆர்மேனியா என்றென்றைக்கும் தங்களுடையது என்று நம்பிய கை. அந்த நம்பிக்கை மெலிந்து மெலிந்து ஒரு மூச்சளவாகி, எங்கள் மேசைவிளக்கின் கீழே கிடந்தது. நாங்கள் இரண்டு பேருமே நாடு கைமாறிய இடத்திலிருந்து வந்தவர்கள்.

அண்ணை துணிப்பையை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். "காசு இஞ்சையே இருக்கட்டும். ஆனா ஒரு கொண்டிசன். வெட்டினதையும் எழுதவேணும், பழைய எழுத்தையும் எழுதவேணும். ஒளிக்கக்கூடாது" என்றார்.

"கண்டது நீங்கள் எண்டும் எழுதுவம் அண்ணை."

"பஸ் ட்றைவர் எண்டும் போடுங்கோ" என்றார். சிரிக்கவில்லை.

அவரையும் கூட்டிக்கொண்டே இயக்குநரிடம் போனேன். முந்தின நாள் மாலை நான் அவர் வீட்டுக்குப் போனதைச் சொன்னேன். இயக்குநரின் முகம் இறுகியது. ஆனால் அண்ணை தன் ஆங்கிலத்தில் அந்த மூன்று கோடுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், அவர் கதிரையிலிருந்து எழும்பி, "எனக்குக் காட்டுங்கள்" என்றார். அன்று மத்தியானமே நாணயவியல் தெரிந்த ஒருவரை வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். அவரும் பார்த்துவிட்டுச் சரி என்றார். எழுத்து மங்கிய காசுகளை இப்படித் திருத்துவது பழைய சேகரிப்பாளர்களிடையே நடந்ததுதான் என்றார். சுவர்ப்படத்தை எடுக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் அந்த மூச்சளவு எழுத்தின் படத்தை அதே உயரத்தில் அச்சடித்து ஒட்டினார்கள். கண்காட்சிக்கு வந்த சனம் பேரரசனை விட்டுவிட்டு அந்த இடத்தில்தான் அதிகம் நின்றது.

என்னுடைய தாளை நான் கிழிக்கவில்லை. பழைய கையொப்பம் அப்படியே இருக்க, கீழே புதிதாக எழுதி மறுபடி கையொப்பமிட்டேன். விதியை மீறி வீட்டுக்குப் போனதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அது என் கோப்பில் இருந்தது. நான் அதை எதிர்த்து ஒன்றும் எழுதவில்லை. இன்னொருமுறை அதே நிலைமை வந்தால் என்ன செய்வேன் என்று நீங்கள் கேட்டால், பஸ் ஏறுவேன். கடிதத்தையும் வாங்கிக்கொள்வேன். இரண்டில் ஒன்றை மட்டும் நான் உங்களுக்குச் சிபாரிசு செய்தால் அது நேர்மையாக இராது.

திறப்புவிழா அன்று சிவநேசன் அண்ணை எழுதிய தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அரசன் முடியைக் காலடியில் வைத்த கதையைச் சொன்னார். கூட்டம் குறைந்த பிறகு ஹாகொப் வந்தார். வேலை உடுப்பில் அல்ல, கோட் போட்டிருந்தார். காசை வைத்த பெட்டி அவர் செய்தது. மறுபக்கம் மேலே தெரியும்படி காசை வைத்து, குனிந்து பார்க்க ஒரு உருப்பெருக்கும் வில்லையும் பொருத்தியிருந்தார். ஆனால் காசை அதுவரை அவர் ஒழுங்காகப் பார்த்திருக்கவில்லை.

வில்லையில் கண்ணை வைத்தார். எழுத்துகளை அவர் பார்க்கவில்லை. பேரரசனின் காலடியில் உயர்ந்த தொப்பியோடு இருக்கும் அந்தப் பெண்ணைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக ஒரு சொல் சொன்னார்.

"பாரெவ்."

அண்ணை என் கையைச் சுரண்டினார். "என்னவாம்?"

நான் ஹாகொப்பிடம் கேட்டேன். அவர் வெட்கப்பட்டவர் போல நிமிர்ந்தார். "ஒன்றுமில்லை. எங்கள் பாஷையில் வணக்கம் சொன்னேன்" என்றார்.

அதைத் தமிழில் சொன்னேன். சிவநேசன் அண்ணை காசைப் பார்த்தார், ஹாகொப்பைப் பார்த்தார், மறுபடியும் காசைப் பார்த்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருசமாக் காலடியில இருக்கிறா, தங்கச்சி," என்றார். "அவவின்ர பாஷையில அவவோட கதைச்ச முதல் ஆள் இவராத்தான் இருக்கும்."